நீலக் குழந்தைகள் பெரியவர்கள் ஆன பிறகு

(ரெட்டியார்பாளையத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில், குழந்தைகள் இருதயப் பிரிவில் நெடுநாள் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர் அம்மையார் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்திரா காந்தி சிலையிலிருந்து விழுப்புரம் சாலையில் இங்கே வந்து சேர எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. காத்திருந்தீர்கள். மன்னிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட கூடுகைகளுக்கு நான் வழக்கமாக இரண்டு புகைப்படங்கள் கொண்டுவருவேன். ஒன்றில் உதடும் நகமும் நாவற்பழ நிறத்தில் இருக்கும் ஒரு பிள்ளை. இன்னொன்றில் அதே பிள்ளை, அறுவைச் சிகிச்சை முடிந்து, ரோஜா நிற உதட்டோடு சிரிக்கும். அந்த இரண்டு படங்களுக்கும் இடையில் இருப்பது உங்கள் காணிக்கை என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன். முப்பது வருஷமாக அப்படித்தான் பேசினேன். இன்றைக்குப் படம் எதுவும் கொண்டுவரவில்லை. மூன்றாவது படம் ஒன்று உண்டு, அதை நாங்கள் யாரும் எடுக்கவே இல்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

2018-ல் ஒரு திங்கட்கிழமை, வெளிநோயாளர் பிரிவில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு வயதுள்ள ஒருவர் உள்ளே வந்தார். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் லாரி பட்டறையில் மெக்கானிக். உட்காருவதற்கு முன்பே ஒரு பிளாஸ்டிக் கவரைத் திறந்து, நான்காய் மடித்த காகிதம் ஒன்றை என் மேஜைமேல் விரித்தார். நம்முடைய செய்தி மடல்தான், 1996-ஆம் வருஷத்தது. அதில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கையில் பந்தோடு நிற்கிறான். கீழே, "பூரண சுகம் பெற்று வீடு திரும்பினான்" என்று அச்சிட்டிருக்கிறது. அந்த வரியை எழுதியவள் நான்.

"டாக்டர் அம்மா, நான் நல்லா ஆயிட்டேன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு நெஞ்சு இப்படி அடிச்சுக்குது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பட்டறைக்கு வந்த வண்டியில் என்ன கோளாறு என்று விசாரிப்பதுபோல் கேட்டார்.

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்கு இருதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கும். பல குறைகள் சிறியவை, தானாக மூடிக்கொள்ளும் ஓட்டைகளும் உண்டு. நம் தேசத்தில் வருஷத்திற்கு 2 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இப்படிப் பிறப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முதல் வருஷத்திலேயே சிகிச்சை தேவை. நீல நிறம் உண்டாக்கும் குறைகளில் அதிகம் காணப்படுவது ஃபேலோவின் நான்கு குறை. இருதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியில் நெருக்கல், அந்த ஓட்டைக்கு மேல் இரண்டு பக்கமும் கால் வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும் மகாதமனி, வேலைப்பளுவால் தடித்துப்போன வலது அறை. இந்த நான்கும் ஒன்றாக வரும். நுரையீரலுக்குப் போக வேண்டிய கெட்ட ரத்தம் வழி அடைபட்டு, ஓட்டை வழியாக உடம்புக்கே திரும்பிவிடும். பிள்ளை நாலடி நடந்தால் குந்தி உட்கார்ந்துகொள்ளும். குந்தினால் மூச்சு கொஞ்சம் சீராகும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது கண்டுபிடித்துவிடும்.

ஃபேலோ என்பவர் மார்செய் நகரத்து பிரெஞ்சு மருத்துவர். 1888-ல் இதைத் தெளிவாக எழுதிவைத்தவர். "நீல நோய்" என்றுதான் அவரும் சொன்னார். இங்கே சொல்தா குடும்பத்தார் சிலர் இருக்கிறீர்கள். அவர் பெயரைச் சரியாக உச்சரிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் ரெட்டியார்பாளையத்துப் பெரியவர் ஒருவர்தான். கல்லூரியில் நாங்கள் "ஃபேலட்" என்று சொல்லியே பரீட்சை எழுதிவிட்டோம்.

அவர் எழுதி 56 வருஷம் வரைக்கும் இதற்குச் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. 1944 நவம்பரில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், கைக்குப் போகும் ஒரு ரத்தக் குழாயை நுரையீரல் குழாயோடு இணைத்தார்கள். அப்படிச் செய்யலாம் என்று யோசித்தவர் ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவர். கத்தி பிடித்தவர் ஆல்ஃபிரட் பிளேலாக். சோதனைச் சாலையில் முறையை உருவாக்கிக் காட்டி, அறுவையின்போது பிளேலாக்கின் பின்னால் நின்று வழி சொன்னவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர். அவருக்கு மருத்துவப் பட்டம் கிடையாது. அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவப் பட்டம் கொடுத்தது 1976-ல்தான். நம் வார்டுகளில் பேர் தெரியாமல் உழைக்கிற டெக்னீஷியன்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு எனக்கு வரும்.

அந்த இணைப்பு குறையைச் சரிசெய்யவில்லை. நுரையீரலுக்கு ஒரு மாற்றுப்பாதை மட்டும் கொடுத்தது. உள்ளே புகுந்து ஓட்டையை அடைத்து நெருக்கலை நீக்கும் முழு அறுவையை மின்னசோட்டாவில் வால்டன் லில்லெஹை 1954 ஆகஸ்டில் செய்தார். அப்போது அவரிடம் இருதய-நுரையீரல் இயந்திரம் இல்லை. வேறொரு மனிதரைப் பக்கத்தில் படுக்கவைத்து, அநேகமாக தகப்பன் அல்லது தாய், அவருடைய இருதயத்தையும் நுரையீரலையும் பிள்ளைக்காகவும் ஓடவைத்தார்கள். அந்த முறையில் 45 பேருக்கு அறுவை செய்ததில் 28 பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

நம் நாட்டில் மார்பு அறுவைச் சிகிச்சைக்கென்று முதல் தனித்துறை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ல் தொடங்கியது. தொடங்கியவர் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர். அவரிடம் பயின்ற டாக்டர் என். கோபிநாத்தும் அவருடைய சகாக்களும் 1960களின் தொடக்கத்தில் அங்கே திறந்த இருதய அறுவைக்கு அடித்தளம் போட்டார்கள். பிறகு சென்னையில் டாக்டர் கே. எம். செரியன் முன்னின்று நடத்திய மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் இருதய ஆஸ்பத்திரி 1987-ல் வந்தது. காலாப்பட்டுப் பக்கம் நீங்கள் அறிந்த மருத்துவக் கல்லூரியும் அந்த மிஷனைச் சேர்ந்ததுதான். கோரிமேட்டு ஜிப்மரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்தது அது.

இப்போது அந்த மெக்கானிக்கின் கேள்விக்கு வருகிறேன்.

நுரையீரலுக்குப் போகும் வழி மிகவும் குறுகலாக இருந்தால், அறுவை மருத்துவர் அந்த வாசலையே பிளந்து, துணியில் ஒட்டுப்போடுவதுபோல் ஒரு துண்டு வைத்து அகலப்படுத்துவார். ரத்தம் தாராளமாகப் போகும், பிள்ளை நீலம் நீங்கி ஓடி விளையாடும். ஆனால் அந்த வாசலில் இருந்த வால்வு அத்தோடு போய்விடும். கதவில்லாத வாசல் அது. ஒவ்வொரு துடிப்பிலும் நுரையீரலுக்குப் போன ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வலது அறைக்குள் விழும். 1990களில் நாங்கள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. "வலது பக்கக் கசிவுதானே, தாங்கிக்கொள்ளும்" என்று சொல்லிக்கொண்டோம். உலகமெங்கும் அன்றைக்குப் பலருடைய எண்ணம் அதுதான்.

வலது அறை தாங்கிக்கொள்ளத்தான் செய்தது, பத்து வருஷம், இருபது வருஷம். தாங்கித் தாங்கி, அதிகமாக ஊதின பலூன்போல் விரிந்துவிட்டது. விரிந்த சுவரில், பழைய தையல் தழும்புகளைச் சுற்றி, மின்னோட்டம் தறிகெட்டுச் சுழல ஆரம்பிக்கும். நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான். சிலருக்கு அப்படி ஒருநாள் ஆரம்பித்தது நிற்காமல் உயிரையே கொண்டுபோய்விடும். ஈ.சி.ஜி.யில் ஒரு அலையின் அகலம் 180 மில்லிசெகண்டைத் தாண்டினவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம் என்று லண்டன் ப்ராம்ப்டன் ஆஸ்பத்திரி மருத்துவர்கள் 1995-ல் எழுதினார்கள். நம் நண்பருடைய படம் வெளிவந்ததற்கு முந்தின வருஷம் அது! ஒரு ஈ.சி.ஜி. எடுத்திருந்தால் போதும். ஆனால் 22 வருஷமாக அவர் வரவே இல்லை. "பூரண சுகம்" என்று எழுதிக்கொடுத்தவர்களிடம் எதற்கு வர வேண்டும்?

நான் சொல்வதைக் கேட்டு, அப்படியானால் அறுவையே வீணா என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேயோ கிளினிக்கில் 1955 முதல் 1960 வரை அறுவை செய்து தப்பிய 163 பேரைத் தொடர்ந்து கவனித்து 1993-ல் எழுதினார்கள். 32 வருஷம் கழித்து நூற்றுக்கு 86 பேர் உயிரோடு இருந்தார்கள். அதே வயதுள்ள சாதாரண ஜனங்களில் 96 பேர் இருந்திருப்பார்கள். அறுவை நடக்கும்போது 12 வயதைத் தாண்டியிருந்தவர்களிடம் அந்த எண் 76-ஆகக் குறைந்தது. நம்முடைய பிள்ளைகள் பலர் பிந்தித்தான் வந்தார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்தில் 1968 முதல் 1980 வரை அறுவை செய்துகொண்டவர்களை 40 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். நூற்றுக்கு 72 பேர் உயிரோடு இருந்தார்கள். ஆனால் மறு அறுவையோ, துடிப்புக் கோளாறோ, வேறு பெரிய இடைஞ்சலோ இல்லாமல் அத்தனை வருஷத்தைக் கடந்தவர்கள் நான்கில் ஒருவர்தான்.

இந்த இரண்டு செய்திகளும் சேர்ந்தே உண்மை. அறுவை இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வாலிப வயதைக் காண்பதே அரிது. அறுவை ஆனவர்கள் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், பேரப்பிள்ளைகளையும் பார்க்கிறார்கள். பனிச்சறுக்குப் பலகை விளையாட்டில் ஷான் ஒயிட் என்ற அமெரிக்கர் 2006, 2010, 2018 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினார். அவரும் ஃபேலோ குறையோடு பிறந்து, குழந்தையில் அறுவை செய்துகொண்டவர்தான். ஆகவே "ஓடாதே, குதிக்காதே" என்று பிள்ளையை மூலையில் உட்காரவைக்கிற தாய்மாரிடம் நான் சண்டை போடுவேன். ஓடட்டும். ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை எங்களிடம் காட்டிவிட்டு ஓடட்டும்.

மற்றக் கடினமான குறைகளின் கதையும் ஏறக்குறைய இதுவே. இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறிப் பிறக்கிற குழந்தைகளுக்கு, பிரேசிலில் அடிப் ஜாட்டேனே 1975-ல் குழாய்களையே மாற்றிவைத்துக் காட்டினார். அதற்கு முந்தின காலத்து முறைகளில் ரத்தம் போகும் பாதையை மட்டும் உள்ளே மாற்றிவிடுவார்கள். வலது அறை ஆயுசு முழுக்க இடது அறையின் வேலையைச் செய்யும். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு முப்பது, நாற்பது வயதில் அந்த அறை சோர்ந்துபோகிறது. ஒரே ஒரு கீழறையோடு பிறக்கிறவர்களுக்கு ஃபோன்டான் என்ற மருத்துவர் 1968-ல் போர்தோ நகரத்தில் செய்த அறுவை (அவரும் பிரெஞ்சுக்காரர்தான்) வாழ்வு கொடுத்தது. ஆனால் வருஷங்கள் போகப்போக அவர்களுக்கு ஈரலையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டிலேயே, கடுமையான இருதயக் குறையோடு பிறந்து உயிரோடு இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெரியவர்கள். அதாவது, குழந்தைகள் வார்டில் தொடங்கின வேலை இப்போது பெரியவர்கள் வார்டுக்குப் போய்விட்டது. எங்கள் நோயாளிகளுக்கு மீசை முளைத்துவிட்டது, நாங்கள் இன்னும் மிட்டாய் டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறோம்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மார்பின் நடுவில் தழும்போடு ஒரு பெண் வளரும்போது வீட்டாருக்கு வரும் முதல் கவலை இருதயத்தைப் பற்றியது அல்ல, கல்யாணத்தைப் பற்றியது. தாய் ஆஸ்பத்திரிக் காகிதங்களை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டதை நானே கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் தழும்புக்கு "சின்ன வயசுல கொதிதண்ணி கொட்டிடிச்சு" என்று காரணம் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் எட்டாம் மாதம் மூச்சுத் திணறலோடு பிரசவ வார்டுக்கு வந்தபோது, அவளுக்கு என்ன அறுவை நடந்தது, எந்த வருஷம் நடந்தது என்று கணவனுக்கும் தெரியவில்லை, மாமியாருக்கும் தெரியவில்லை. தாயை வரவழைத்துக் கேட்பதற்குள் ஒரு இரவு போய்விட்டது. தாயும் சேயும் பிழைத்தார்கள். ஃபேலோ அறுவை செய்துகொண்ட பெண்கள் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் கர்ப்பம் தரிக்குமுன் ஒருமுறை எக்கோ பார்க்க வேண்டும். 18-லிருந்து 20 வாரத்துக்குள் கருவின் இருதயத்தையும் ஸ்கேனில் பார்க்க வேண்டும். அவர்களுடைய குழந்தைக்கு இந்தக் குறை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். பெரும்பாலான குழந்தைகள் குறையில்லாமலே பிறக்கின்றன. இதைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். நின்ற கல்யாணங்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. இதில் ஆயர்மாரும் சபைப் பெரியவர்களும் பேசினால் கேட்பார்கள். டாக்டர் பேசினால் கேட்கமாட்டார்கள்.

மெக்கானிக்கின் கதையை முடிக்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். வலது அறை மிகவும் விரிந்திருந்தது, ஆனால் இன்னும் சுருங்கும் பலம் இருந்தது. புது வால்வு வைக்க வேண்டும் என்றேன். "திரும்பவும் நெஞ்சைத் திறக்கணுமா?" என்று கேட்டார். அவர் மனைவி ஒன்றும் கேட்கவில்லை, அந்தப் பழைய செய்தி மடலையே பார்த்துக்கொண்டிருந்தார். 2000-ல் பாரிஸில் பிலிப் போன்ஹோஃபர் என்பவர் 12 வயதுப் பையன் ஒருவனுக்குத் தொடை ரத்தக் குழாய் வழியாகவே இந்த இடத்தில் வால்வைக் கொண்டுபோய் வைத்தார், மார்பைத் திறக்கவில்லை. ஆனால் நம் நண்பருடைய வாசல் விரிந்துபோனதால் அந்த வழி அவருக்குப் பொருந்தவில்லை. மார்பைத் திறந்துதான் மாட்டின் இருதய உறைத் தோலில் செய்த வால்வை வைத்தார்கள். அது பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும், பிறகு மாற்ற வேண்டிவரும். இந்த முறை நான் "பூரண சுகம்" என்று எழுதவில்லை. டிஸ்சார்ஜ் காகிதத்தில் அடுத்த சோதனைத் தேதியைச் சிவப்பு மையில் எழுதினேன். செயற்கை வால்வு இருப்பதால், பல் பிடுங்குமுன் மருந்து சாப்பிட வேண்டும் என்பதையும் எழுதினேன். மூன்று மாதத்தில் பட்டறைக்குத் திரும்பினார். ஜாக்கி தூக்குகிற வேலையை மட்டும் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்.

இனி உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். குழந்தைகளின் அறுவைச் செலவுக்கு இன்றைக்கு வேறு கைகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்ததிலிருந்து ஏழைக் குழந்தைகளின் இருதய அறுவைக்கு அரசாங்கப் பணம் வருகிறது. 2013 முதல் மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பரிசோதித்துக் குறைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் முப்பது வயதுக் கூலியாளுக்கு விழுப்புரத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ வந்துபோகிற பஸ் கட்டணம், ஒருநாள் கூலி இழப்பு, ஒரு எக்கோ, ஒரு ஈ.சி.ஜி., இதற்குப் பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை. இதைப் புகைப்படம் எடுத்தால் அழகாகவும் இருக்காது. வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷனை யார் அச்சடிப்பார்கள்? ஒரு குழந்தையின் அறுவைக்கென்று காணிக்கை அனுப்புகிறவர்கள், அந்தக் குழந்தையின் அடுத்த இருபது வருஷச் சோதனைகளுக்கும் ஒரு பங்கை ஒதுக்கும்படி எழுதுங்கள் என்று கேட்கிறேன். நிர்வாகக் குழுவில் சிலருக்கு இது பிடிக்காது. நேராகவே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று பணம் சம்பந்தப்பட்டதல்ல. 1980களிலும் 90களிலும் அறுவை செய்துகொண்டவர்களில் பலர் எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் பழைய பதிவேடுகளில் ஒரு பகுதி வெள்ளத்தில் நனைந்து போயிற்று, ஒரு பகுதியைக் கரையான் தின்றது. இருக்கிற விலாசங்களும் "மளிகைக் கடை பார்த்துக் கொடுக்கவும்" என்கிற மாதிரியானவை. ஆனால் செய்தி மடல்கள் உங்கள் வீடுகளில் இருக்கின்றன. நம் ஜனங்கள் வேதாகமத்துக்குள்ளும் பழைய டிரங்குப் பெட்டியிலும் அவற்றைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், எனக்குத் தெரியும். அதில் பிள்ளைகளின் பெயரும் ஊரும் இருக்கும். இன்றைக்கு அப்படி வெளியிடமாட்டோம், வெளியிடவும் கூடாது. அன்றைக்குச் செய்த அந்தத் தவறு இன்றைக்கு உதவுகிறது. நம் மெக்கானிக் தம்பி ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தன் மோட்டார் சைக்கிளில் வில்லியனூர், பாகூர் பக்கம் போய் விசாரித்து, இதுவரை நான்கு பேரைக் கண்டுபிடித்திருக்கிறார். அவர்களில் ஒருவர் காலமாகிவிட்டார். மூன்று பேர் சோதனைக்கு வந்தார்கள்.

பழைய இதழ்கள் உள்ளவர்கள் அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு எடுத்துவாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம். வாசலில் நம் மூத்த நர்ஸ் அம்மா நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் தெருவில் நெஞ்சுத் தழும்போடு யாரையாவது தெரியும் என்றால், அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.